ஜோலார்பேட்டையில் உங்கம்மா என்னை விட்டுவிட்டுப் போன கதை

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் மேகலாவுக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் உங்கம்மாவும் மாதா புண்ணியத்துல நல்லா இருக்கோம். அங்க நீயும், மாப்பிள்ளை ஆல்வினும், அவசரப்படாம உன் வயித்துல சமத்தா இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமா இருக்கணும்னு தினம் ஜெபத்துல சொல்லிட்டுத்தான் படுக்கிறேன். தினம் உங்கம்மா போன்ல மூஞ்சியைப் பாத்துப் பேசுற அப்பன், இந்தக் காலத்துல இன்னாத்துக்குப் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கான்னு நினைப்பே. காரணம் இருக்கு கண்ணு. இந்த வீட்டுல இப்ப வாயைத் திறந்து எதையும் ரகசியமா பேச முடியலை. யார் பேசினாலும் எழுத்தா காட்டுற ஆப் ஒண்ணை நீ கிறிஸ்மஸுக்கு அனுப்பின போன்ல போட்டுக் குடுத்தியே, அது வந்ததுலேர்ந்து நான் சமையல்கட்டுல தும்மினாலும் ஹால்ல உக்காந்திருக்கிற உங்கம்மா கையில சேதியா வருது. அவளுக்குத் தெரியாம உனக்கு ஒண்ணு சொல்லணும். உங்க ஃபேக்டரிக்குத் திரும்பி வர்ற முனீர் அகமது நாளைக்கு ஃபிளைட் ஏறுறான், அவன்கிட்ட மோர் மிளகாயும் பிரசவ லேகியமும் குடுத்தனுப்புற சாக்குல இதையும் உள்ள வெக்கிறேன். ஆனா போன வாரம் நடந்ததைச் சொன்னாத்தான் அந்தச் சேதி உனக்குப் புரியும். அதனால பொறுமையா படி, கால் நீட்டிப் படுத்துக்கினு படி, டாக்டர் ரொம்ப நடக்கக் கூடாதுன்னு சொன்னதை மறந்துடாதே.

போன வாரம் தங்கவயல்ல உன் பெரியம்மா பையன் கல்யாணம் உனக்குத் தெரியும். உங்கம்மாவுக்குக் காது மந்தமானதுலேர்ந்து அவ எந்தக் கல்யாணத்துக்கும் வர்றதில்லை. வந்தாலும் ஒரு மூலையில உக்காந்து, யார் இன்னா கேட்டாலும் சிரிச்சுத் தலையாட்டிச் சமாளிப்பா. அப்படித்தான் குடியாத்தத்துல ஒருத்தர் தன் மாமனார் தவறிட்டாருன்னு சொன்னதுக்கு நல்லது நல்லதுன்னு தலையாட்டிட்டா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதவ, அதுக்கப்புறம் கல்யாணப் புடவையை வெளிய எடுக்கவே இல்லை. காது மெஷின் வெச்சுப் பாத்தோம், சத்தம் ஜாஸ்தியா வருதே தவிர வார்த்தை வரலைன்னு கழட்டி வெச்சுட்டா. இந்தத் தடவை அவளே பொட்டியைத் திறந்து புடவையை வெயில்ல போட்டா. போன் இருக்கு, நான் வர்றேன்னா. நான்தான் பயந்தேன்.

பயந்ததுக்குக் காரணம் அவ இல்லை, அந்த ஆப். அதுக்கு நம்ம ஊர்ப் பேச்சு பிடிபடலை. நான் பேஜாரா போச்சுன்னு சொன்னா, பேச்சாளர் ஆகிவிட்டார்னு எழுதுது. செத்த குந்துன்னா, செத்த குரங்குன்னு எழுதி உங்கம்மா என்னை ஒரு மாதிரி பாக்குறா. போன மாசம் பூசையில ஃபாதர் ஆட்டுக்குட்டியைப் பத்திப் பிரசங்கம் வெச்சாரு, அது கடைசி வரைக்கும் ஆட்டுக்கறின்னே எழுதிச்சு, உங்கம்மா ஆமென் சொல்லிட்டு நேரா என்னைக் கறிக்கடைக்கு அனுப்பினா. இந்தத் தொல்லையில நான் வீட்டுல புஸ்தகத் தமிழ் பேசப் பழகிட்டேன். நான் தேநீர் அருந்த விரும்புகிறேன்னு சொன்னாத்தான் எனக்கு டீ வருது. பக்கத்து வீட்டு தில்ஷாத் காம்பவுண்டு சுவத்து மேல எட்டிப் பாத்து, அண்ணே நியூஸ் வாசிக்கப் போறீங்களான்னு கேக்குது. அது உன்னை ரொம்ப விசாரிச்சுது, பேரீச்சம்பழம் குடுத்திருக்கு, பார்சல்லயே வெச்சிருக்கேன்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. உங்கம்மாவுக்குக் காது கம்மியான இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு வசதி வந்திருந்துது, அவ பின்னால நடந்துக்கினே முணுமுணுக்கிறது. ஊர்ல எந்தப் புருஷனுக்கும் கிடைக்காத சுதந்திரம் அது. அன்னைக்கு ஆம்பூர் ஸ்டேஷன்ல ரெண்டு கையிலயும் பை, தோள்ல ஒரு பை, நானும் பழக்கத்துல, கல்யாணத்துக்குப் போறாளா குடிமாத்திப் போறாளான்னு வாய்க்குள்ள சொன்னேன். முன்னால போயிட்டிருந்தவ திரும்பாமலே, குடிமாத்திப் போனா உங்களை ஏன் கூட்டிட்டுப் போறேன்னா. போனைக் கழுத்துல மாட்டி, மைக்கைப் பின்பக்கமா திருப்பி விட்டிருக்கா. அத்தோட என் சுதந்திரம் போச்சு.

அரக்கோணத்துலேர்ந்து வர்ற பாசஞ்சர்ல ஏறினோம். வாணியம்பாடி தாண்டுறதுக்குள்ள அந்தப் பெட்டியில இருந்த எல்லார் குடும்பக் கதையும் உங்கம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. முன்னெல்லாம் ஜன்னலைப் பாத்து உக்காந்திருப்பா. இப்ப எதிர் சீட்டுல மாமியாரும் மருமகளும் தாழ்ந்த குரல்ல சண்டை போடுறதைப் படிச்சுட்டு, மருமக பக்கம்தான் நியாயம்னு என்கிட்ட சொல்றா, அவ மெதுவா சொல்றதா நினைச்சுக்கினு பெட்டிக்கே கேக்கிற மாதிரி. நான் மூஞ்சியைப் பேப்பரால மூடிக்கினேன். அந்த மாமியார் இறங்கும்போது என்னைத்தான் முறைச்சுட்டுப் போச்சு.

ஜோலார்பேட்டையில இறங்கி பங்காருப்பேட்டை வண்டிக்கு மாறணும். அங்கதான் நடந்தது எல்லாம். நாங்க எப்பவும் நிக்கிற பிளாட்பாரத்துல பையெல்லாம் இறக்கி வெச்சுட்டு, நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தா உங்கம்மா எழுந்து நின்னு, வண்டி அந்தக் கடைசி பிளாட்பாரத்துக்கு மாத்தியாச்சாம், மைக்குல சொன்னாங்க, போன்ல எழுத்தா வந்துதுன்னு நீட்டுறா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆட்டுக்குட்டியைக் கறியாக்கின போன் இதுன்னேன். எனக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கு, அப்படி ஒரு அறிவிப்பும் வரலை, நான் இந்த ஸ்டேஷன்ல வண்டி மாறாத வருஷம் கிடையாது, பேசாம உக்காருன்னேன். அவ போனைப் பாத்தா, என்னைப் பாத்தா. நான் போறேன், நீங்க பையை எடுத்துக்கினு பின்னால வாங்கன்னு கைப்பையை மட்டும் எடுத்துக்கினு படியேறிட்டா. ரெண்டு பேர் டிக்கெட்டும் அந்தக் கைப்பையில. நான் எழுந்திருக்கலை. கொஞ்ச நேரத்துல வண்டி இங்க வந்து நிக்கும், அசடு வழிய இறங்கி வருவா, நாமளும் பெருந்தன்மையா ஒண்ணும் சொல்லாம இருக்கணும்னு டீயை நிதானமா குடிச்சேன்.

வண்டி வந்துது. கடைசி பிளாட்பாரத்துலதான் வந்துது. நடுவுல ஒரு கூட்ஸ் வண்டி நின்னு மறைச்சுக்கினு இருந்துது, அதோட சந்துல உங்கம்மா புடவை கலரு ஒரு தரம் தெரிஞ்சு மறைஞ்சுது. நான் மூணு பையையும் தூக்கிக்கினு பாலத்துல ஓடினேன். இந்த வயசுல ஓடுற ஓட்டமா அது. கீழ இறங்குறதுக்கும் வண்டி நகர்றதுக்கும் சரியா இருந்துது. கடைசிப் பெட்டியும் என்னைத் தாண்டிப் போயிடுச்சு மேகலா. இத்தனை வருஷத்துல அவ தனியா மார்க்கெட்டைத் தாண்டிப் போனதில்லை. யாரு பேசினாலும் காது கேக்காது. நான் கூப்பிட்டாலும் கேக்காது. என்கிட்ட இருக்கிறதோ பட்டன் போன், அதுல மெசேஜ் அனுப்ப எனக்குத் தெரியாது. நீ ஸ்மார்ட் போன் வாங்கித் தர்றேன்னப்ப எனக்கு எதுக்குன்னு சொன்னவன் நான்.

வேற வழி தெரியாம அவளுக்குப் போன் போட்டேன். மணி அடிச்சா நடுங்குமே, அதுல பேரைப் பாத்திருக்கா. எடுத்துட்டா. எடுத்து அவபாட்டுக்குப் பேசுறா. நீங்க பேசுறது எனக்குக் கேக்காது, நான் சொல்றதைக் கேளுங்க, நீங்க பின்னாடி பெட்டியில ஏறியிருப்பீங்கன்னு நினைச்சேன், ஏறலைன்னா பரவாயில்லை, எனக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சுது, பக்கத்துல ஒரு நல்ல பொண்ணு இருக்கு, பையில மோர் மிளகா இருக்கு நசுக்கிடாதீங்க, அடுத்த வண்டியில வாங்க, வெச்சுடுறேன்னு வெச்சுட்டா. நான் இரு இரு, பங்காருப்பேட்டையில இறங்கி உக்காரு, நான் வர்றேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம். பிளாட்பாரமே திரும்பிப் பாத்துது.

அங்க ஷூ சாம்பிள் அட்டைப்பொட்டியோட ஒரு பையன் உக்காந்திருந்தான், வாணியம்பாடிக்காரன், பேரு சுஹேல் அகமது, ஒரு ஷூ கம்பெனியில மார்க்கெட்டிங் பாக்குறானாம். நான் கத்தினதைப் பாத்துத் தண்ணி குடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் போனை என் வாய்கிட்ட பிடிச்சு, சொல்லுங்க அங்கிள், அதுவே எழுதும், அம்மா நம்பருக்கு அனுப்பிடலாம்னான். நானும் பதட்டத்துல புஸ்தகத் தமிழை மறந்துட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எழுத்தைப் பாத்தா, வங்காளப் பேட்டையில் இறங்கு, யாருடனும் சமோசா போகாதேன்னு இருக்குது. சமோசாக்காரன் அந்த நேரம் பாத்து அந்தப் பக்கம் கூவிக்கினு போனான், நான் என்ன பண்ண. சுஹேல் அதைத் திருத்தி அனுப்புறதுக்குள்ள முதல் மெசேஜ் போய்டுச்சு. உடனே பதில் வந்துது. சமோசா வேண்டாம், நான் நேரா அக்கா வீட்டுக்குப் போறேன், மெதுவா வாங்கன்னு. அந்தப் பையன் அதைப் படிச்சுக் காட்டிட்டு ரொம்ப மரியாதையா கேட்டான், தப்பா நினைக்காதீங்க அங்கிள், அறிவிப்பு எனக்கே நல்லா கேட்டுது, காது கேக்காதது அம்மாவுக்கா உங்களுக்கான்னு. நான் எழுந்து போய் வேற டிக்கெட் வாங்கிட்டு வந்து அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அடுத்த வண்டி வர்ற வரைக்கும் அவன் போனுக்கு உங்கம்மா மெசேஜ் அனுப்பிக்கினே இருந்தா, குப்பம் வந்துடுச்சு, இறங்கிட்டேன், பஸ்ல ஏறிட்டேன்னு. என் பொஞ்சாதி அந்த வயசுப் பையனோட பேசினது, அந்த மத்தியானத்துல மட்டும், என்னோட ஒரு மாசம் பேசுறதை விட ஜாஸ்தி இருக்கும்.

அவ சொன்ன பொண்ணு பேரு உமைமா. பங்காருப்பேட்டைதான் ஊரு, பெங்களூர்ல நர்சிங் படிக்குது. அது உங்கம்மாகிட்ட முதல்ல கையால ஜாடை காட்டியிருக்கு. உங்கம்மா போனை நீட்டி, இதுல பேசும்மா, சும்மா தெளிவா பேசுன்னாளாம். ரெண்டும் வழி பூரா பேசிக்கினு போயிருக்குதுங்க. உன்னைப் பத்தியும் சொல்லியிருக்கா. உன் பிரசவத்தைப் பத்திச் சொன்னப்ப அழுதாளாம், அதை அவ என்கிட்ட சொல்லலை, பின்னால பெரியம்மாகிட்ட சொன்னது. அந்தப் பொண்ணு போனை வாங்கி என்னவோ தட்டி, குழந்தை அழுதா போன் தானா உதறும், எழுத்தும் காட்டும்னு ஒரு வசதியைப் போட்டுக் குடுத்திருக்கு. அது அந்தப் போன்ல முதல்லேர்ந்தே இருந்துதாம், நமக்குத்தான் தெரியலை. பங்காருப்பேட்டையில இறங்கித் தங்கவயல் பஸ்ல ஏத்தி விட்டதும் அதுதான். கண்டக்டர் கன்னடத்துல கேட்டதுக்கு ஆப் என்னென்னவோ எழுதிச்சாம், உங்கம்மா கல்யாணப் பத்திரிகையை நீட்டிட்டா, அவர் சரியான இடத்துல இறக்கி விட்டுட்டாரு.

நான் மூணு பையோட வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்றப்ப பொழுது சாஞ்சுடுச்சு. வாசல்ல யாராவது கவலையா நிப்பாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் இல்லை. உள்ள பொம்பளைங்க கூட்டத்துக்கு நடுவுல உங்கம்மா உக்காந்திருக்கா, ஒவ்வொருத்தரா வந்து போன்ல பேசுறாங்க, அவ படிச்சுப் பதில் சொல்றா. வரிசை நிக்குது. உன் பெரியம்மாவோட ரசத்துக்குப் புளி ஜாஸ்தியா கம்மியான்னு சண்டை வேற. அவ சண்டை போட்டு நான் பாத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா. என்னைப் பாத்துட்டு, மிளகா நசுங்கலையேன்னு கேட்டா. நான் மொறைச்சுக்கினுதான் நின்னேன், ஆனா நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிடுச்சு. அப்புறம் எல்லாரும் அந்தாண்ட போனப்ப பக்கத்துல வந்து, ரொம்பப் பயந்துட்டீங்களான்னு மெதுவா கேட்டா. இல்லைன்னு தலையாட்டினேன். போனைப் பாக்கலை அவ, என் மூஞ்சியைத்தான் பாத்தா.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. பிரியாணி சுமார்தான், ஆம்பூர்ல பொறந்த நாக்குக்கு அது புளிசாதம் மாதிரி இருந்துது, பெரியம்மாகிட்ட சொல்லிடாதே. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில அசந்து படுத்துட்டாங்க. ஹால்ல கூலர் லாரி மாதிரி ஓடுது, டிவியில ஏதோ பாட்டு, நான் முழிச்சுக்கினு பேப்பர் படிச்சுட்டிருந்தேன். உன் பெரியம்மா பேத்தியை, அந்தச் சின்னதை, உள்ரூம்ல தூளியில போட்டிருந்தாங்க. உங்கம்மா பாயில சாஞ்சு கண்ணை மூடியிருந்தா, கையில போன். திடுக்குனு எழுந்து உள்ள ஓடுறா. என்னமோ ஆச்சுன்னு நானும் பின்னால போனேன். உள்ள போனாத்தான் எனக்குச் சத்தமே கேட்டுது. குழந்தை தூளிக்குள்ள வீல்னு அழுதுக்கினு இருக்கு. பெத்தவ தூங்குறா, பாட்டி தூங்குறா, காது நல்லா இருக்கிற நான் பேப்பர் படிக்கிறேன். காது கேக்காதவ போய்க் குழந்தையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கினா. அது விக்கி விக்கி அடங்குற வரைக்கும் முதுகைத் தட்டிக்கினே நின்னா. அப்புறம் மேல கூரையைப் பாத்தா, தூளி கட்டின கொக்கியையே ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு என்கிட்ட கேட்டா, மேகலா வீட்டுல தூளி கட்ட மேல கொக்கி இருக்குமான்னு.

அவ எதுக்குக் கேட்டான்னு எனக்குப் புரிஞ்சுது. நீ அங்கேர்ந்து அழுது கூப்பிட்டப்ப, மாப்பிள்ளைக்கும் அம்மா இல்லை நீயாவது வாம்மான்னு கெஞ்சினப்ப, அவ வரமாட்டேன்னு போனை வெச்சதை நீ மனசுல வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். குழந்தை அழுதா தெரியாத ஒருத்தி வந்து என்ன பண்ணப் போறேன், உனக்குப் பாரமாத்தான் இருப்பேன்னு அவ நினைச்சா. அதை உனக்கு எடுத்துச் சொல்ல அவளுக்குத் தெரியலை, கோவமா சொல்லிட்டா. அன்னைக்கு ராவெல்லாம் அவ சாப்பிடலை. அது கல் நெஞ்சு இல்லை கண்ணு, பயம்.

இப்ப சேதிக்கு வர்றேன். வீட்டுக்கு வந்த மறுநாளே பீரோவைக் குடைஞ்சு, நம்ம பங்குக் கோயில்ல ஏற்பாடு பண்ண புனித பூமி டூர் போகலாம்னு முன்ன எடுத்தாளே, அந்தப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துட்டா. தேதி இன்னும் இருக்கு. எனக்குத்தான் பாஸ்போர்ட்டே கிடையாது, நான் எங்க போகப் போறேன்னு அன்னைக்குப் பெருமையா சொன்னவன். நான் எடுத்துட்டு வர்ற வரைக்கும் உன் குழந்தை காத்திருக்காது, அதனால அவ தனியாத்தான் வருவா. ஆனா உன்கிட்ட இன்னும் சொல்லக் கூடாதாம். வர்ற சனிக்கிழமை மெட்ராஸ்ல உன் அத்தை வீட்டுக்குத் தனியா போய்ட்டு வரப் போறா. அதுவும் சரியா வந்தா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து தானே சொல்றேன்னா. நடுவுல ஆசை காட்டி ஏமாத்தக் கூடாதுன்னு சொல்றா. அடுத்த பெட்டியில ஒளிஞ்சுக்கினு பின்னாலயே போகலாமான்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு, மாட்டிக்கினா தீர்ந்தேன்.

அதனால ஞாயித்துக்கிழமை அவ சொல்றப்ப உனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. மாப்பிள்ளையை விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் இப்பவே விசாரிக்கச் சொல்லு. ஏர்போர்ட்ல கூட இருந்து கூட்டிட்டுப் போக ஆள் கிடைக்குமான்னும் கேக்கச் சொல்லு, இங்க நான் பவர் பேங்க் ரெண்டு வாங்கி வெக்கிறேன். மாப்பிள்ளை ஏர்போர்ட்டுக்கு அந்த ஊர் சிம் கார்டு கையோட கொண்டு வரணும், நெட் இல்லைன்னா அந்த ஆப் ஒழுங்கா எழுதுறதில்லை. கூரையில கொக்கி இல்லைன்னா ஒண்ணு அடிச்சு வையுங்க, நல்லா ஆழமா அடிக்கச் சொல்லு. நீ வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை விட்டுடாதே, லேகியம் பிரசவத்துக்கு அப்புறம்தான், இப்பவே எடுத்து நக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மாதா உங்க மூணு பேரையும் தன் முந்தானையில வெச்சுக் காப்பாத்தட்டும், சுகப்பிரசவமா ஆகட்டும், அப்பாவோட ஆசீர்வாதம் எப்பவும் உண்டு.

ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. அவ அங்க வந்து இறங்குறப்ப கூட்டத்துல பின்னாலேர்ந்து அம்மான்னு கூப்பிடாதே. அவளுக்குக் கேக்காது, நீ கூப்பிட்டது தெரியாமலே நடந்து போய்டுவா. உன்னால நிக்க முடியலைன்னா ஒரு நாற்காலி போட்டாவது, அவ வெளிய வர்ற வழிக்கு நேர் எதிர்ல, அவ கண்ணுல முதல்ல நீ படுற மாதிரி உக்காந்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரத்தினசாமி.